போட்டோவில் இருந்த முடி

தேவாசீர்வாதம் அண்ணாச்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவருடைய போட்டோதான் சொன்னது.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஒரு லித்தோ பிரஸ்ஸில் அவர் ரீடச் ஆர்ட்டிஸ்ட். படத்தில் எங்கே எது குறைகிறதோ அதை பிரஷ்ஷால் நிரப்ப வேண்டியது அவர் வேலை. லட்சுமிக்குப் புருவம், மயிலுக்கு வால், ஜவுளிக்கடை முதலாளிக்குக் கழுத்து. பத்து வருஷமாக இதையே செய்துகொண்டிருந்த கை அது. 1959 சித்திரையில், திருத்தங்கலில் பெண் இருக்கிறது, ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று அவருடைய கிறிஸ்தவ சபையின் உபதேசியார் சொன்னார். அண்ணாச்சி விருதுநகரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். பிரிண்ட் வந்தது. மேஜையில் வைத்துப் பார்த்தார். நெற்றிக்கு மேலே வெளிச்சம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. கை தன்னால் பிரஷ்ஷைத் தேடியது. பத்து நிமிஷத்தில் குறை தீர்ந்துவிட்டது. உறையில் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டார்.

அது தன் தலை என்பது அவருக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது.

நான் அப்போது விருதுநகரில் பி.ஏ. இரண்டாம் வருஷம். மல்லாங்கிணற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனால் படிக்க நேரம் இருக்காது என்று வீட்டில் சொல்லிவிட்டு, விருதுநகரிலேயே அண்ணாச்சியோடு ஒரே அறையில் தங்கியிருந்தேன்; அவர் அங்கிருந்து சிவகாசிக்கு வேலைக்குப் போய்வந்தார். தங்கிய பிறகும் படிக்கவில்லை. ஆனால் நேரம் நிறைய இருந்தது.

"ஏலே முத்துராமலிங்கம், அந்தப் போட்டோவைத் திரும்ப வாங்கிர முடியுமா?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"அது பழைய போட்டோ, புதுசு அனுப்புறேன்னு சொல்லலாம்ல."

"பின்னால ஸ்டுடியோக்காரன் தேதி போட்டு முத்திரை குத்தியிருக்கானே."

அவர் எழுந்து அறைக்குள் நடந்தார். அறை எட்டுக்குப் பத்து. நடப்பதற்கு இடம் கிடையாது, திரும்புவதற்குத்தான் இருந்தது. அவர் திரும்பிக்கொண்டே இருந்தார்.

நாலாம் நாள் கடிதம் வந்துவிட்டது. போட்டோ எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. பெண் ஜெயசீலி, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தகப்பனார் பால்துரை, பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். நேரில் வரவும்.

"போய் உண்மையைச் சொல்லிருங்க" என்றேன்.

"சொல்லலாம். ஐயா, போட்டோல இருக்கிறது நான்தான், முடி மட்டும் பிரஷ்ஷோடதுன்னு. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அந்தப் பால்துரை வாத்தியார் கதை உனக்குத் தெரியாது."

உபதேசியார் சொன்ன கதை அது. போன வருஷம் அந்தப் பெண்ணுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தாராம். கை நிறையச் சம்பளம், நல்ல குடும்பம். முறுக்கு கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை முறுக்கைக் கடிக்காமல் காபியில் நனைத்து நனைத்துச் சாப்பிட்டிருக்கிறார். பால்துரை வாத்தியாருக்குச் சந்தேகம் வந்து விசாரித்ததில் மேல்வரிசைப் பல் அத்தனையும் மதுரையில் கட்டியது என்று தெரிந்திருக்கிறது. வாத்தியார் எழுந்து நின்று, "பல்லு போனது குத்தமில்ல தம்பி. அதை மறைச்சது குத்தம். போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் வழுக்கைக்கு மன்னிப்பு உண்டு. மறைத்ததற்குக் கிடையாது. அண்ணாச்சியோ மறைத்ததைத் தபாலில் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆகவே அவர் செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. போட்டோவைத் தலைக்குச் சரியாக்க முடியாது. தலையைப் போட்டோவுக்குச் சரியாக்க வேண்டியதுதான்.

முதலில் கண்மை. பஸ் ஏறுவதற்குள் வழிந்து புருவத்துக்கு வந்துவிட்டது. அடுத்து, தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு இடித்த கரி, விளக்கெண்ணெயில் குழைத்தது. இது நன்றாகத்தான் நின்றது. ஆனால் சாய்ந்த இடமெல்லாம் அண்ணாச்சி தெரிந்தார். சுவரில், தலையணையில், பஸ் சீட்டில். பிறகு கரியோடு கோந்து. கோந்து காய்ந்ததும் தலை அசையும்போதெல்லாம் உதிர்ந்து சட்டைக் காலரில் விழுந்தது. ஆனால் எதைப் பூசினாலும் பூசுகிற விதம் கலைஞனுடையது. வெறுமனே அப்ப மாட்டார். கைக்கண்ணாடி ஒன்று, சுவர்க் கண்ணாடி ஒன்று, மிக மெல்லிசான சைபர் நம்பர் பிரஷ் ஒன்று. இருக்கிற முடிக்கு நடுவே இல்லாத முடியை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து வரைவார். பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும்.

மாதம் இரண்டு ஞாயிறு திருத்தங்கல் போனோம். துணைக்கு நானும். பெண் வீட்டில் அண்ணாச்சி உட்காரும் இடத்தை நான்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். ஜன்னல் எந்தப் பக்கம், வெயில் எங்கே விழுகிறது, பின்னால் யாராவது நிற்க வழியுண்டா. ஜெயசீலி காபி கொண்டுவந்தால் குனியாமல் வாங்குவார். கீழே விழுந்த கைக்குட்டையைக் கால்விரலால் எடுப்பார். வாத்தியார் ஜெபம் பண்ணும்போது வீடு முழுக்கத் தலை குனியும். அண்ணாச்சி மட்டும் நிமிர்ந்தே கண்ணை மூடியிருப்பார். ஒருநாள் வாத்தியார் என்னிடம் தனியாகச் சொன்னார்:

"ஜெபத்துல எம்புட்டு திடமா நிமிர்ந்து இருக்காரு பாத்தீங்களா தம்பி. இந்தக் காலத்துப் பயலுகள்ட்ட காண முடியாது."

"கஷ்டம்தான் ஐயா" என்றேன்.

ஆவணியில் பேச்சு முடிந்தது. தையில் கலியாணம் என்று வைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் வாத்தியார் சாதாரணமாகக் கேட்டார்: "திடப்படுத்தல் எந்தச் சபையில எடுத்தீக மாப்ள?"

மாப்பிள்ளை எந்தச் சபையிலும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய பதினாலு வயதில் மணல்வாரி அம்மை போட்டுப் படுத்திருந்தார். அடுத்த தடவை பிஷப் வந்தபோது வேலை தேடி மதுரையில் இருந்தார். அதற்கப்புறம் மறந்துவிட்டது. திடப்படுத்தல் என்பது சபையில் முழு அங்கத்தினராகச் சேர்க்கிற சடங்கு; அது ஆகாதவருக்குக் கோயிலில் கலியாண அறிவிப்பு வாசிக்க மாட்டார்கள். பரவாயில்லை, ஐப்பசி கடைசி ஞாயிறு பிஷப் ஐயா இங்கேயே வருகிறார், வகுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள் என்றார் வாத்தியார். அதை விட்டால் இரண்டு வருஷம். இரண்டு வருஷம் காத்திருக்க அவர் தயாராக இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார். ஜெயசீலிக்கு இருபத்தாறு நடக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணாச்சி உள்ளங்கையைத் தலைக்கு மேலே தொடாமல் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். விருதுநகர் வந்து இறங்கினதும் கேட்டேன்.

"அதுல என்ன அண்ணாச்சி கஷ்டம்? மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கணுமா?"

"ஒப்பிச்சிருவேன்லே. மொளங்கால் போட்டு நிக்கணும்."

"நில்லுங்க."

"பிஷப் வந்து தலையில கை வைப்பாரு."

நான் சாமி கும்பிடுகிற முறை வேறு. எங்கள் பக்கத்தில் சாமியாடி திருநீற்றைத் தூரத்திலிருந்து வீசுவார். தலையைத் தொட்டே தீர வேண்டிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ரெண்டு கையுமா?"

"ஒத்தை ஆளுன்னா ரெண்டும்."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு ஜெபம் முடியிற வரைக்கும்."

"எம்புட்டு அழுத்துவாரு?"

இதை அவர் திடப்படுத்தல் வகுப்பில் கூடப் படிக்கிற பையன்களிடம் விசாரித்துப் பார்த்தார். எல்லோருக்கும் பதினாலு, பதினைந்து வயது, இவருக்கு இருபத்தொன்பது. ஒருவனுடைய அண்ணனுக்குப் போன தடவை ஆனதாம். "நல்லா அமுக்குனாருன்னு சொன்னான் சார்" என்றானாம் அவன். அந்த 'நல்லா' அண்ணாச்சியை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

ஒத்திகை தொடங்கியது. அவர் பாயில் முழங்கால் போடுவார். நான் பிஷப். இரண்டு உள்ளங்கையையும் தலையில் வைத்து, மனசுக்குள் முப்பது எண்ண வேண்டும். பிறகு வெள்ளைக் காகிதத்தில் கையை அழுத்திப் பார்க்க வேண்டும்.

"வாழப்பழம் கனிஞ்சிருக்கான்னு பாக்கிற மாதிரி வைலே."

வைத்தேன். காகிதத்தில் என் ரேகை முழுவதும் விழுந்தது. கரியைக் குறைத்தார், மெழுகைக் கூட்டினார். மறுபடி வைத்தேன். மறுபடி ரேகை. ஒரு மாதத்தில் என் கைரேகை அந்த அறையில் இருந்த அளவு எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் எவனுடையதும் இருந்திருக்காது. மல்லாங்கிணற்றுக்காரன் ஒருவன், ஒரு கிறிஸ்தவரை நாற்பது தடவைக்குக் குறையாமல் திடப்படுத்தினேன். அவர்தான் திடப்படவில்லை.

புரட்டாசி நடுவில் ஒருநாள் பிரஸ்ஸிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். கையில் சின்னத் தகர டப்பா.

"என்னது அது?"

"லித்தோ கறுப்பு. வார்னிஷ் கலந்து, சீக்கிரம் காய ட்ரையர் நாலு சொட்டு. காலண்டர்ல அடிச்சா ஆறு மணி நேரத்துல காய்ஞ்சிரும். காய்ஞ்சபெறகு நீ தேய்ச்சாலும் வராது."

"அது காகிதம் அண்ணாச்சி. இது தலை."

"நம்ம பக்கத்து வெயிலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்லே. இம்புட்டுப் பிரஸ்ஸு சிவகாசிக்கு எதுக்கு வந்துச்சுன்னு நெனைக்க? மை காயும். வெடிமருந்து காயும். தீக்குச்சி காயும். காயுறதுக்குன்னே கடவுள் படைச்ச ஊரு."

சனிக்கிழமை மத்தியானம் பூசினார். ஞாயிறு காலை நான் கை வைத்து முப்பது எண்ணிக் காகிதத்தில் அழுத்தினேன். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. அறுபது எண்ணினேன். வெள்ளை. அண்ணாச்சி என்னைக் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் நாலு நாளைக்கு ஒரு தடவை மண்ணெண்ணெய் வைத்துத் துடைப்பதும் திரும்பப் பூசுவதும் வழக்கமாயிற்று. தலைத்தோல் சிவந்து தடித்தது. அவர் கண்ணாடியில் பார்த்து, "எரியுது. ஆனா நிக்குது" என்பார்.

ஐப்பசி கடைசி வாரம் வந்தது. மழையும் வந்தது.

எங்கள் ஊரில் மழை வந்தால் வாசலில் வந்து நின்று பார்ப்பார்கள். சிவகாசியில் திட்டுவார்கள். காலண்டர் சீசன். மிஷின்மேன் சோலைச்சாமி சனிக்கிழமை மத்தியானம் அடித்த தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மஞ்சளே மூணு நாளாக் காயல. அதுக்கு மேல செவப்பை எப்புடி ஏத்த? ஊரு பூரா இதே கதைதான்" என்று சத்தம் போட்டிருக்கிறார். அண்ணாச்சி அதைக் கேட்டபடியே டப்பாவை மூடிக்கொண்டு வேலை முடிந்து வந்தார். கேட்டது காலண்டரைப் பற்றித்தானே. பழைய பூச்சைத் துடைத்துவிட்டு மூன்று மணிக்குப் புதுசைப் பூசி முடித்தார். எப்போதையும்விடத் தாராளமாக. பிஷப் அல்லவா.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு நான் கை வைத்தேன். எடுத்தேன். கை வரவில்லை; தோலோடு இழுத்துக்கொண்டு பிறகு வந்தது.

"என்னலே?"

"காயல."

"ஆறு மணி நேரத்துல காயணுமே!"

"பதினாலு மணி நேரம் ஆச்சு அண்ணாச்சி."

அவர் ஜன்னலைத் திறந்தார். வெளியே சாரல். அப்போதுதான் சோலைச்சாமி சொன்னது அவர் காதில் விழுந்தது என்று நினைக்கிறேன். மோட்டுவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டப்பாவைத் திறந்து இன்னும் நாலு சொட்டு ட்ரையரைத் தலையில் விட்டுக்கொண்டார். நான் பொருளாதாரப் புத்தகத்தால் விசிறினேன். அந்தப் புத்தகம் ஒருவனுக்குப் பிரயோஜனப்பட்டது அன்றைக்குத்தான். ஒரு மணி நேரம் விசிறியதில் மேலே பால் ஆடை மாதிரி ஒரு ஏடு கட்டியது. லேசாகத் தொட்டால் ஒட்டவில்லை. அழுத்தினால் அடியில் அப்படியே ஈர மை.

"தொடச்சிருவோமா?" என்றேன்.

"தொடச்சிட்டு வாத்தியார் முன்னால நிக்கச் சொல்றியா?"

"அப்ப போக வேண்டாம்."

"போகாட்டி ரெண்டு வருசம். அவரு காத்திருக்க மாட்டாரு." நாலு தடவை திரும்பினார். "அந்தப் பிள்ளையும் காத்திருக்காது."

ஏழரை பஸ்ஸில் போனோம். வழி முழுக்க அவர் நின்றுகொண்டே வந்தார். உட்கார இடம் இருந்தது.

கோயில் நிறைந்திருந்தது. வெளியூர் விருந்தாளி என்று என்னை முன்பக்கமாக உட்காரவைத்துவிட்டார்கள். திடப்படுத்தல் எடுக்கிறவர்களில் ஆண்கள் பதினொரு பேர், பெண்கள் ஒன்பது பேர். பெண்கள் எல்லோரும் வெள்ளைச் சேலை கட்டி, தலையில் வெள்ளை முக்காடு போட்டிருந்தார்கள். புதுத் துணி, கஞ்சி மொடமொடப்பு அடங்காதது. பிஷப் வயதானவர், உயரமானவர், கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி இருந்தது.

இரண்டு இரண்டு பேராகப் போய் முழங்கால் போட்டார்கள். பிஷப் ஒருவர் தலையில் வலது கையும் ஒருவர் தலையில் இடது கையுமாக வைத்து ஜெபித்தார். பத்துப் பையன்கள் முடிந்தார்கள். பதினொன்றாவது ஆள் ஒற்றையாகப் போனார். பிஷப் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் அவர் தலையில் வைத்தார். அந்தப் பையன் சொன்னது சரிதான். நல்லா அமுக்கினார்.

நான் முப்பது எண்ணினேன். பழக்கம்.

பிஷப் கையை எடுத்தார். ஒரு விநாடி தலையும் கூடவே எழுந்தது. பிறகு கை விடுபட்டது. அண்ணாச்சியின் உச்சந்தலையில் இரண்டு உள்ளங்கைகள், பத்து விரலோடு, மை விட்டுப் பளிச்சென்று விழுந்திருந்தன. மற்ற இடமெல்லாம் கறுப்பு. சோலைச்சாமியின் மிஷினில்கூட அவ்வளவு சுத்தமான பதிவு விழுந்ததில்லை.

பிஷப் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அடுத்த இரண்டு பேர் வந்து முழங்கால் போட்டார்கள். பதினைந்து வயதுப் பெண்கள், குனிந்த தலை, வெள்ளை முக்காடு. அண்ணாச்சி எழுந்து இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். தலையை நிமிர்த்தி நேராக நடந்திருந்தால் முன்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மை எங்கிருந்து வந்தது என்று யார் கண்டார்கள்? அவர் எழுந்தார். பிஷப்பின் கையைப் பார்த்தார். அந்தக் கை முக்காட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"ஐயா!"

கோயிலில் அப்படி ஒரு சத்தத்தை யாரும் கேட்டதில்லை. பிஷப் கண்ணைத் திறந்தார்.

"கை, ஐயா. கையில மை. என் தலை மை. அந்தப் பிள்ளைக மேல வச்சிராதீங்க."

பிஷப் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியின் தலையைப் பார்த்தார். பெரிய மனிதர், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "சோப்பு கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார்.

"சோப்புக்குப் போகாதுங்கையா. இது லித்தோ மை. மண்ணெண்ணெய் வேணும்."

கோயில் விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் வந்தது. துணி வந்தது. குருவானவர் சமாளித்துக்கொண்டு ஒரு கீர்த்தனையைத் தொடங்கினார். சபை பாடியது, பாடிக்கொண்டே கழுத்தை நீட்டியது. அண்ணாச்சி மறுபடி முழங்கால் போட்டு பிஷப்பின் கையைத் துடைத்தார். பிரஸ்காரன் துடைப்பு அது. ஒவ்வொரு விரலாக, நகக்கண் விடாமல், எண்ணெயில் ஒரு தடவை, உலர்ந்த துணியில் ஒரு தடவை. துடைக்கத் துடைக்க அவர் குனிந்துகொண்டே போனார். கோயிலில் இருந்த இருநூறு பேரும் அந்தத் தலையை உள்ளும் புறமுமாகப் பார்த்தார்கள். ஏழு மாதத்தில் அவர் குனிந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கீர்த்தனை முடிந்துவிட்டது. விரல் முடியவில்லை. இன்னொரு முறை பாடினார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வாத்தியார் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். பக்கத்தில் ஜெயசீலி. அண்ணாச்சி நேராக அவரிடம் போனார்.

"போட்டோல இருக்கிற ஆளு யாரு?" என்றார் வாத்தியார்.

"நான்தான் ஐயா. கொஞ்சம் ரீடச் பண்ணேன்."

"கொஞ்சமா?"

"முன்னால பூராம். நடுவுலயும் கொஞ்சம்."

வாத்தியார் மகளைப் பார்த்தார். "கேட்டியாம்மா? பல்லுக்காரனை அனுப்பினோம். இவரையும் அனுப்ப வேண்டியதுதான். ஒரு வீட்டுக்கு ஒரு நியாயம்."

"மறைச்சதுக்காக அனுப்பினது நீங்கப்பா" என்றாள் ஜெயசீலி. "அந்த மனுசன், நீங்க கண்டுபிடிச்சு மொகத்துக்கு நேரா கேட்ட பெறகும், இல்ல இல்லன்னு சாதிச்சாருல்ல. நான் வேண்டாம்னு சொன்னது அதுக்கு. இவரை யாரு கேட்டா? அவராத்தான் சொன்னாரு. அதுவும் எங்க வச்சுச் சொன்னாரு பாருங்க." அவள் அண்ணாச்சியிடம் திரும்பினாள். "குனிங்க."

குனிந்தார். அவள் தலையைத் தொடாமல் கிட்டே பார்த்தாள்.

"காதுக்குப் பின்னால கறுப்பா இருக்கும். பிரஸ்ல வேலை பாக்கிறவருன்னு நெனைச்சேன். எத்தனை மாசமாப் பூசுறீக?"

"சித்திரையில இருந்து."

"தோலு பூரா கொப்பளம் கொப்பளமா இருக்கு. எரியலையா?"

"எரியுது."

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வாங்க. மொதல்ல இம்புட்டையும் செரச்சிட்டு வரணும். ஒரு முடி இருக்கக் கூடாது. அப்பத்தான் மருந்து போட முடியும்."

வாத்தியார் மரத்திலிருந்து ஒரு அடி விலகினார். "எதை? மொட்டையா?"

"ஆமாப்பா."

"அடுத்த ஞாயித்துக்கெளம கலியாண அறிவிப்பு வாசிக்கணும்! மாப்பிள்ளை மொட்டைத் தலையோட வந்து உக்காந்தா சபை என்ன சொல்லும்? இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துக்கிட்டுப் போய் முடி எறக்கிட்டு வந்துருக்கான்னு சொல்ல மாட்டாங்களா? தலைமையாசிரியர் மருமகன்!"

இதை அவர் மகளிடம் சொல்லிவிட்டுத்தான், தான் என்ன சொன்னோம் என்பதைக் கேட்டார். மருமகன். அண்ணாச்சியும் கேட்டார். ஜெயசீலி கேட்காதது மாதிரி முந்தானையைச் சரிசெய்தாள்.

"மருந்து போடாட்டி சீழ் வைக்கும்" என்றாள்.

வாத்தியார் வேப்பமரத்தைச் சுற்றி ஒருதரம் நடந்தார். பிறகு அண்ணாச்சியின் தோளைப் பிடித்து என்னையும் சேர்த்து ஓரமாகக் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, தப்பா நெனைக்காதீக. அறிவிப்பு வாசிக்கிற மூணே ஞாயிறு. மதுரையில முடி வச்சுக் கட்டின தொப்பி மாதிரி ஒண்ணு விக்குறாங்களாம். யாருக்கும் தெரியாதாம்."

"வேண்டாம் ஐயா" என்றார் தேவாசீர்வாதம் அண்ணாச்சி. அவர் அவ்வளவு சீக்கிரம் எதற்கும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான். தலைப்பாவாவது?"

"வேண்டாம் ஐயா."

சொல்லிவிட்டு ஜெயசீலி நின்ற பக்கம் போய்விட்டார். வாத்தியார் என்னோடு நின்றார். வாட்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், விரல் விட்டு எதையோ எண்ணினார்.

"ஏன் தம்பி, நீங்க காலேஜ்ல படிக்கிறவுக. தை மாசம் கலியாணத்துக்குள்ள முடி மொளச்சிரும்ல?"

"இருந்தது மொளச்சிரும் ஐயா" என்றேன்.